பாலத்துக்குப் போட்ட துண்டு

கோணக்கரைக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வதில் பாதி பொய். இது மீதிப் பாதி.

அந்த ஊருக்கும் டவுனுக்கும் நடுவே ஓர் ஆறு. கோடையில் கணுக்கால் நனையும், அவ்வளவுதான். மேற்கே மழை பிடித்துவிட்டால் இக்கரை வேறு உலகம், அக்கரை வேறு உலகம். சுற்றிப் போக அணைக்கட்டு ரோடு இருக்கிறது, பதினெட்டு கிலோமீட்டர். பூவாத்தாள் நான்கு எருமை வைத்துப் பிழைக்கிறவள். பால் சொசைட்டி அக்கரையில். வெள்ளம் வந்தால் அவள் கேனோடு கரைக்கு வருவாள், ஆற்றை வாய் ஓயுமட்டும் வைவாள், திரும்பிப் போய்ப் பாலையெல்லாம் உறை ஊற்றுவாள். மழைக்காலம் முழுக்க ஊரே அவள் மோரைக் குடித்துக் குளிர்ந்தது. அவள் வீட்டில்தான் அடுப்பு எரியவில்லை.

பாலம் கேட்டு ஊர் எழுதிய மனுக்களை அடுக்கியிருந்தால் அவற்றின்மேலேயே நடந்து போயிருக்கலாம். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வருவதாகத் தகவல் வந்தது. வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது. டிரைவரையும் அங்கிருந்தே கூட்டிக்கொண்டு வந்தவர். தமிழ் தெரிந்த குமாஸ்தா தன் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தார்.

"இங்கிலீசுல ஒரே ஒரு வாக்கியம் பேசுனாப் போதும்," என்றார் பஞ்சாயத்துத் தலைவர் நாச்சிமுத்து. "அதுக்கு மேல பேசுனா, படிச்ச ஊரு, இவிங்களுக்கு எதுக்குப் பாலம்னு போயிருவாங்க."

இந்த அறிவுக்கு மறுபேச்சு ஏது? நாச்சிமுத்து, தையற்காரர் மயில்சாமி, பூவாத்தாள், கரும்பு வெட்டும் சென்னியப்பன் ஆகிய நால்வரும் டவுனில் டியூஷன் நடத்தும் இருதயராஜ் மாஸ்டரிடம் போனார்கள். சென்னியப்பன் ஊரிலேயே பெரிய உடம்புக்காரர். அவர் உட்கார்ந்ததும் மாஸ்டரின் பெஞ்சு ஒரு தடவை முனகியது.

ஆற்றைக் கடப்பது எங்களுக்குச் சிரமமாக இருக்கிறது: சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதை மாஸ்டர் கரும்பலகையில் தமிழ் எழுத்திலேயே எழுதிப் போட்டார்: "வீ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட் டு கிராஸ் தி ரிவர்."

பூவாத்தாள் வெகுநேரம் பலகையைப் பார்த்தாள். "எல்லாஞ் சரிங்க. நடுவுல இந்த இட்டு என்ன பண்ணுது?"

"அதுக்கு அர்த்தமே கிடையாதும்மா."

"அர்த்தமில்லாததை எதுக்குங்க ஆபீசர்கிட்டச் சொல்லோணும்? அவரே நெறையச் சொல்லுவாரு."

மாஸ்டர் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். உதாரணம் சொன்னால் எப்பேர்ப்பட்டவனுக்கும் புரியும் என்று நம்பியவர். பாவம், கோணக்கரைக்காரர்களுக்கு அதுவரை சொல்லிக் கொடுத்ததில்லை.

"பஸ்ஸுல ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமில்ல?" என்றார். "துண்டா உட்காரப் போகுது? உட்கார வேண்டிய ஆள் பெரிய ஆளு. அவரு பின்னாடி மெதுவா வருவாரு. அதுவரைக்கும் துண்டு கிடக்கும். இந்த இட்டுதான் துண்டு. டு கிராஸ் தி ரிவர்ங்கிறதுதான் பின்னாடி வர்ற பெரிய ஆளு. விளங்குச்சா?"

விளங்கிவிட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் மயில்சாமியின் தையல் கடையில் கூடிப் பேசினார்கள். முழு வாக்கியமும் ஒரே மண்டையில் தங்காது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆளுக்கொரு துண்டமாகப் பிரித்துக்கொண்டார்கள். வீ ஃபைண்ட் நாச்சிமுத்துவுக்கு. இட் பூவாத்தாளுக்கு. டிஃபிகல்ட் மயில்சாமிக்கு.

"பெரிய ஆளுன்னு மாஸ்டரே சொல்லிப் போட்டாரு," என்றார் நாச்சிமுத்து. "அப்ப டு கிராஸ் தி ரிவர் நம்ம சென்னியப்பனுக்குத்தான்."

சென்னியப்பன் கூச்சத்தோடு ஒத்துக்கொண்டார்.

"துண்டு யாருதைப் போடறது?" என்று பூவாத்தாள் கேட்டாள்.

"உட்கார்ற ஆளுது எதுவோ அதைத்தான் போடோணும். அடுத்தவன் துண்டைப் போட்டு இடம் பிடிச்சா அது ஞாயமா?" என்றார் நாச்சிமுத்து.

"என்ற துண்டைக் குடுத்துப் போட்டு நான் தலை துவட்டறது எதுலீங்க?" என்று சென்னியப்பன் கவலைப்பட்டார்.

"தலை எதுக்கப்பா நனையுது?"

அரைமணி நேரம் யோசித்தார்கள். பின்னாடி வருவார் என்றால் எவ்வளவு பின்னாடி? கதவுக்குப் பின்னாலா, தெருவுக்குப் பின்னாலா? மயில்சாமிதான் முடிச்சை அவிழ்த்தார். "ஆத்தைக் கடக்கன்னு சொல்ற ஆளு ஆத்தைக் கடந்து வந்து சொன்னாத்தானே பொருத்தம்? அக்கரையில நிக்கட்டும். ஆபீசர் வந்ததும் எறங்கி வரட்டும்."

ஆகத் தலை நனையும். துண்டு கிடையாது. ஊருக்காக ஈரத்தோடு நிற்கச் சென்னியப்பன் சம்மதித்தார். தியாகம் என்றால் இதுதான்.

வியாழக்கிழமை விடியற்காலையில் அவர் அக்கரைக்குப் போய்விட்டார். அப்போது ஆற்றில் முழங்கால் தண்ணீர். எட்டு மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு கொட்டியது. அதை யாரும் கவனிக்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில், ஊரிலேயே மெத்தை வைத்த ஒரே நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தரைக்கு அணைக்கட்டு ரோடு வழியாக ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு கிலோமீட்டரும் அவர் முதுகில் எழுதியிருந்தது. மாலை, சந்தனம் எல்லாம் ஆனபின் நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

"வீ ஃபைண்ட்."

பூவாத்தாள் முன்னால் வந்து சென்னியப்பனின் துண்டை நாற்காலியில் விரித்தாள். "இட்."

"டிஃபிகல்ட்," என்று மயில்சாமி முடித்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

அதிகாரி காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது. எல்லோரும் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சிரமம் என்று அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். மயில்சாமி மரியாதையாக, "டிஃபிகல்ட்," என்றார். கால் வலித்த அதிகாரி நாற்காலியில் உட்காரப் போனார். ஆறு கைகள் அவரைத் தடுத்தன.

"ஆளு வருதுங்க சார்," என்றாள் பூவாத்தாள். "துண்டு போட்டிருக்குதுங்கள்ல."

துண்டு போட்ட இடத்தில் உட்காருவது எந்த ஊரில் வழக்கம்? அதிகாரி நின்றார். பத்து நிமிஷம் என்று வந்தவர் முக்கால் மணி நேரம் நின்றார். அரசாங்கம் அந்த ஊருக்காக அவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை.

அப்போது ஆற்றிலிருந்து ஓர் அலறல் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள், அதிகாரிதான் முன்னால். நட்டாற்றில் ஒரு கருவேல மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சென்னியப்பன் தொங்கினார். கழுத்துவரை செந்தண்ணீர். ஆனாலும் கடமையை மறக்காத மனுஷன். வாய்க்குள் தண்ணீர் போகப் போக, "டு கிராஸ் தி ரிவர், டு கிராஸ் தி ரிவர்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

டிரைவர் ஜீப்பில் கயிற்றைக் கட்டி அவரை இழுத்துப் போட்டார். அதிகாரி நனைந்த ஆளைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், அந்த இடத்திலேயே பாலத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு வாக்கியம் முழுசாகப் புரிந்துவிட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் கோணக்கரைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நானே நம்பியிருப்பேன்.

கையெழுத்து விழுந்தது துண்டின் ராசியால்தான் என்று ஊர் முடிவு செய்தது. தை பிறந்ததும் பாலம் வரும் என்று கடிதம் வந்தபோது நாச்சிமுத்துவுக்குக் கவலை பிடித்தது.

"பாலம் பெரிய ஆளு. மெதுவாத்தான் வரும். அதுக்குள்ள ஒரு மைல் கீழ இருக்கற புதுக்கரைக்காரன் எவனாச்சும் நம்ம இடத்துல உட்கார்ந்துட்டா?"

சென்னியப்பனின் துண்டை மூங்கிலில் கட்டி ஆற்றங்கரையில் நட்டார்கள். முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். தை பிறந்தது. நான்கு லாரிகள் வந்து நின்றன.

"வண்டியை எடுங்க," என்றாள் அன்று காவலுக்கு இருந்த பூவாத்தாள். "இங்க எதையும் எறக்கக்கூடாது. பாலத்துக்கு இடம் போட்டிருக்குது."

"பாலந்தாம்மா கொண்டாந்திருக்கோம்," என்றார் மேஸ்திரி.

அவள் ஒவ்வொரு லாரியாக ஏறிப் பார்த்தாள். "இது ஜல்லி. இது கம்பி. இது சிமிட்டி. இது மணலு. இதுல பாலம் எங்கய்யா?"

மேஸ்திரி விளக்கினார். அதற்குள் ஊர் கூடிவிட்டது. பாலம் என்று சொல்லிக்கொண்டு ஜல்லியைக் கொட்டி இடம் பிடிக்கப் பார்க்கிறான் என்றார் மயில்சாமி. முழுசாகப் பாலம் வரட்டும், துண்டை எடுக்கிறோம் என்றார் நாச்சிமுத்து. மேஸ்திரி மூன்று நாள் மன்றாடினார். நான்காம் நாள் மேலிடத்துக்குப் போன் போட்டார். அந்த ஊரில் இடம் இல்லையாம் என்று மேலிடம் புரிந்துகொண்டது. லாரிகள் கீழே புதுக்கரைக்குப் போயின.

புதுக்கரைப் பாலம் இப்போது அழகாக நிற்கிறது. ஒரு மைல் நடந்தால் போதும். பூவாத்தாளின் பால் அதன்மேல்தான் சொசைட்டிக்குப் போகிறது. அவள் வீட்டில் தினமும் அடுப்பு எரிகிறது. ஆனால் ஊர்ப் பாலம் ஊர்ப் பாலம்தானே? போன மழையில் நாச்சிமுத்து, மயில்சாமி, பூவாத்தாள் மூவரும் டவுன் ஆபீசுக்குப் புகார் சொல்லப் போனார்கள்.

"வீ ஃபைண்ட்," என்றார் நாச்சிமுத்து. பூவாத்தாள் குமாஸ்தாவின் எதிர் நாற்காலியில் ஒரு புதுத் துண்டை விரித்து, "இட்," என்றாள். "டிஃபிகல்ட்," என்றார் மயில்சாமி.

மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்த குமாஸ்தா மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்துல இத்தனை வெள்ளம் போகுது. எப்படி வந்தீங்க?"

"புதுக்கரைப் பாலத்து மேலதானுங்க."

"அப்புறம் என்ன சிரமம்?"

மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நாச்சிமுத்துதான் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"அதைச் சொல்ற ஆளு இன்னும் ஆத்துல வந்துக்கிட்டு இருக்கறாருங்க."