சரிவுப் பாதை கேட்ட ஸ்ட்ரெச்சர்காரன்

புயலும் வெள்ளமும் தாங்கும் என்று எங்கள் கடற்கரை ஊரில் புது ஆஸ்பத்திரி கட்டினார்கள். எனக்கு அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை. திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் கலெக்டர் அம்மா பார்க்க வந்தார். எஞ்சினியர் துரைக்கண்ணு சுற்றிக் காட்டினார்.

"மாடிக்குச் சரிவுப் பாதை இல்லையே, ஐயா" என்றேன். "பழைய ஆஸ்பத்திரியிலயும் இல்ல. புயலன்னிக்கு கரண்ட் போயி லிஃப்ட் நின்னுச்சு. அங்க நோயாளியா கெடந்த எம் பொண்டாட்டி பொற்கிளிய மேல ஏத்த முடியாம தண்ணியில பறிகொடுத்தேன்."

"அதான் படி இருக்கே. நீ எத்தனாவது படிச்ச?" என்றார் எஞ்சினியர்.

"மூணாவது."

"என் பிளான்ல தப்பு இருந்தா இப்பவே காட்டு. இல்லன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

"காட்டுறேன். நோயாளியா நீங்களே படுங்க, ஐயா."

கலெக்டர் அம்மா சிரித்துவிட்டதால் எஞ்சினியரால் மறுக்க முடியவில்லை. நானும் என்னோடு ஸ்ட்ரெச்சர் தள்ளும் சூசையும் தூக்கினோம். படி திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் சுவரில் முட்டி நின்றது. செங்குத்தாக நிமிர்த்தினால்தான் திரும்பும். நிமிர்த்தினோம்.

"விடுங்கடா, விழுந்துருவேன்" என்று குதித்து, மிச்சப் படிகளை அவரே விறுவிறுவென்று ஏறினார்.

"பாத்தீங்களாம்மா, நடக்க முடிஞ்ச நோயாளிக்கு ஐயாவோட படி ரொம்ப வசதி" என்றேன்.

விழா தள்ளிப்போனது. சரிவுப் பாதை வந்தது. எஞ்சினியருக்கு இன்றுவரை நான் வணக்கம் வைப்பதில்லை.

அந்தச் சரிவில் ஒரு நோயாளியை மாடிக்குக் கொண்டுசேர்க்க ஒன்றரை நிமிடம் போதும். பொற்கிளி புயலன்று கீழே என் கையைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் காத்திருந்தாள்.