இசக்கியப்பனின் தொண்ணூற்றொன்பது

"மேடம், என் மருந்து செத்துப்போச்சு."

சொல்லிவிட்டு இசக்கியப்பன் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். நாற்பத்துநாலு வயது. சாயக் கம்பெனியில் பதினைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு, புற்றுநோய்க்கு மருந்து செய்கிறேன் என்று ஆராய்ச்சிக்கு வந்த மனிதர். பேராசிரியை மெஹருன்னிசா அவரைவிட ஆறு வயது சின்னவர். அதனாலென்ன, குரு குருதான்.

"எப்படிச் செத்துச்சு?"

"முதல் தடவை செஞ்சது புற்றுநோய் செல்லை அடியோட அழிச்சுது. நீங்களே பாத்தீங்க. அதையே இன்னும் ஆறு தடவை செஞ்சுட்டேன். ஒண்ணும் ஆகல. செல்லெல்லாம் ஜம்முனு வளருது."

"எவ்வளவு சுத்தம்?"

"நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது, மேடம்."

"முதல் தடவை செஞ்சது?"

இசக்கியப்பன் பார்வையை மேஜைப் பக்கம் திருப்பினார். "அதுவும் தொண்ணூத்தொன்பதுதான்."

"சரி. முதல் தடவை செஞ்ச மாதிரியே செய்யுங்க."

அவ்வளவுதான். மேடம் மறுபடி கையிலிருந்த தாளைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

இதென்ன பதில்! இசக்கியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மாதத்துக்குள் மருந்து மறுபடி வேலை செய்யாவிட்டால் ஆராய்ச்சியையே இழுத்து மூடிவிடுவார்கள். மூன்று வருட உழைப்பு. வேலையையும் விட்டாயிற்று. வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

அந்த ஆறோடு ஏழாக இன்னொரு தடவையும் செய்தார். சோறு தண்ணி மறந்து செய்தார். சுத்தம் தொண்ணூற்றொன்பதரை வந்தது.

செல்கள் ஜம்மென்று வளர்ந்தன.

மாதம் முடிய மூன்று நாள் பாக்கி. மறுபடி போய் நின்றார்.

"முதல் தடவை மாதிரியே செஞ்சீங்களா?"

"அதைவிட நல்லாவே செஞ்சேன், மேடம்!"

"நல்லாச் செய்யுங்கன்னு நான் சொல்லலையே."

மெஹருன்னிசா எழுந்து, அலமாரியிலிருந்து இசக்கியப்பனின் பழைய நோட்டை எடுத்தார். முதல் தடவை செய்த நாளின் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"வாசிங்க."

இசக்கியப்பன் வாசித்தார். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எல்லாம் கடகடவென்று வந்தது. கடைசி வரியில், சுத்தம் எவ்வளவு என்ற இடத்தில், நிறுத்திவிட்டார்.

"மேடம்..."

மெஹருன்னிசா அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"இது பொய், மேடம். இத்தனை வருஷம் கம்பெனியில இருந்த ஆளு, முதல் வேலையையே அழுக்கா செஞ்சிருக்கான்னு கூட ஆராய்ச்சி பண்ற பசங்க சிரிப்பாங்களேன்னு... மாத்தி எழுதிட்டேன்."

"நிஜமா எவ்வளவு?"

"தொண்ணூத்தொண்ணு."

சொல்லிவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

மேடம் கோபப்படவே இல்லை. "மிச்சம் ஒன்பது?" என்றார்.

"அது வெறும் அழுக்கு, மேடம். வேற ஏதோ கலந்து வந்திருக்கு. அதைத்தானே அப்புறம் ஏழு தடவையும் பாத்துப் பாத்துப் பிரிச்சு, ஒரு சொட்டு விடாம வெளியே கொட்..."

நோட்டை இழுத்து அந்த வரியை மறுபடி பார்த்தார்.

"மேடம், அப்ப செல்லைக் கொன்னது அந்த ஒன்பதா?"

மெஹருன்னிசா ஏற்கெனவே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தக் கழிவுக் கேன்ல கொட்டுனீங்க?"