பிடித்த கொக்கி

பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலம் என்பார்களே, அதற்குக் கொஞ்சம் பின்னால், கரையோர ஊர் ஒன்றில் வேலு என்றொருவர் பளு தூக்கச் சொல்லிக்கொடுத்து வந்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பரிபூரணம் டீச்சர். பகலில் பள்ளியில் உயிரியல், சாயங்காலம் மைதானம் என்று இருந்தவர்.

ஒருநாள் வேலு ஒரு கடிதத்தோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"எட்டு வருஷம் நான் பழக்கின பொண்ணு டீச்சர், மெர்லின். வடக்க பெரிய பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுறாங்க. நாளைக்குள்ள நான் கையெழுத்துப் போடணும்."

"போடு."

"போனா அவங்க பொண்ணாயிடுவா. பேப்பர்ல என் பேரா வரும்?"

"வந்தாலும் எழுத்துப்பிழையோடதான் வரும்."

வேலு சிரிக்கவில்லை. "விடுறது என்ன டீச்சர், எவனும் விடுவான். பிடிச்சு நிக்கிறதுதானே பலம்?"

டீச்சர் உள்ளே போய் இரண்டு சீப்புகளோடு வந்தார். பல்லுக்கு நடுவில் பல்லாக ஒன்றை ஒன்றுக்குள் தள்ளினார்.

"தசைக்குள்ள இருக்கிற சின்னக் கட்டத்துக்கு என்ன பேரு?"

வேலு எழுந்தே நின்றுவிட்டார். "சார்கோமியர். ரெண்டு வகை இழை இருக்கும். இழை சுருங்கும்."

"அப்பவும் இதுக்குத்தான் மார்க் குறைச்சேன். எந்தச் சீப்புடா சுருங்கிச்சு?"

வேலு குனிந்து பார்த்தார். "எதுவும் இல்ல. ஒண்ணுக்குள்ள ஒண்ணு நகருது."

"நகர்த்துறது யாரு?"

"தடிச்ச இழையில இருக்கிற கொக்கி. மெல்லிசு இழையைப் பிடிச்சு இழுக்கும்."

"பிடிச்ச கொக்கி எப்ப விடும்?"

"இழுத்து முடிச்சதும் தானா..."

"தானா விடாது. சாப்பிட்ட சோத்துலேர்ந்து ஒரு துளி சக்தி வந்து சேரணும். அது வரலன்னா பிடிச்சது பிடிச்சபடிதான்."

வேலு தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அப்பா செத்தன்னைக்கு அவர் விறைச்ச விரலைப் பிரிக்க மூணு பேர் ஆச்சு," என்றார் மெதுவாக.

டீச்சர் சீப்புகளைப் பிரித்து வைத்தார்.

"என்னை முகாமுக்கு அனுப்பினப்ப நீங்க ஸ்டேஷனுக்குக்கூட வரல. கையெழுத்துப் போட்டீங்க, 'போடா'ன்னீங்க. இவ்வளவு லேசா விட்டுட்டாங்களேன்னு இருபது வருஷமா மனசுல இருக்கு டீச்சர்."

"உன்னை விடுறதுக்கு அன்னைக்கு ஒன்பது தோசை தின்னேன்டா. எங்கம்மா பயந்துட்டாங்க."

வேலு பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டு முடிக்க வெகுநேரம் பிடித்தது. பிறகு கடிதத்தை மடித்துக்கொண்டு மைதானத்துப் பக்கம் நடந்து போனார்.