ஆக்ஸிலேட்டரில் கால் வைத்த மாப்பிள்ளை

தொட்டிக்காட்டுப் புதூர்க்காரர்களை முட்டாள்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்கிறவர்கள் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள். புதூர்க்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். ‘மழை வந்தா வடகத்தை எடுத்து உள்ளே வை’ என்று சொல்லிவிட்டுப் போனால், வடகத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து மழைக்குக் காத்திருப்பார்கள். காக்காய் வந்து கொத்திக்கொண்டு போனால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காக்காயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

அந்த ஊரில் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் நாச்சிமுத்து, யோசிக்கிறவர். நடுவிலவர் அப்புக்குட்டி, அண்ணன் யோசித்தது சரிதானா என்று யோசிக்கிறவர். கடைசி சென்னியப்பன், அவர்கள் இருவரும் யோசித்து முடித்ததைச் செய்கிறவர்.

மூவருக்கும் பொதுவாக ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. ஓட்டத் தெரிந்தவர் சென்னியப்பன் ஒருவர்தான். மற்ற இருவரும் கூட உட்கார்ந்து எப்படி ஓட்டவேண்டும் என்று சொல்வார்கள்.

சென்னியப்பனுக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த சம்பந்தமெல்லாம் கடைசி நேரத்தில் முறிந்துகொண்டே இருந்தது. ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா, “பொண்ணை நல்லாப் பாத்துக்குங்க” என்று சொல்லித் தொலைத்தார். அண்ணன் தம்பிகள் மூவரும் கண்ணை எடுக்காமல் விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும் பார்த்தார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே உள்ளே ஓடிப்போனாள்.

பிறகு கருக்கம்பட்டி மயிலாத்தாள் அமைந்தாள். அவளுக்கும் இதே கதைதான். வருகிற மாப்பிள்ளைகள் வாசல்வரைக்கும் வந்து ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்பிவிடுவார்கள். போன தடவை வந்தவர்கள் முகூர்த்த நேரத்தைப் பேச்சிலேயே கழித்துவிட்டு நழுவிவிட்டார்கள். அதிலிருந்து அவள் அப்பா ரங்கசாமிக்கு எல்லார்மேலும் சந்தேகம்.

“ஒம்பதரைக்குள்ள தாலி கழுத்துல ஏறோணும். நேரம் தப்பிச்சுன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாமுங்க” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சென்னியப்பனுக்குக் கவலை வந்துவிட்டது. காரணம் கார்தான். காலையில் சோக்கை இழுத்துக் கிளப்பினால் சிங்கம் மாதிரி உறுமும். கொஞ்ச தூரம் ஓடி இன்ஜின் சூடாகிவிட்டால் போதும், எங்காவது நிறுத்தியதும் சத்தம் இறங்கி இறங்கி, உடம்பெல்லாம் உதறி, ‘டுக்’ என்று அணைந்துவிடும். ஆறினால்தான் மறுபடி கிளம்பும். கருக்கம்பட்டி போகிற வழியிலோ ஒரு ரயில்வே கேட், அதைத் தாண்டினால் ஒரு சந்தை.

நாச்சிமுத்து பானெட்டின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“சூடு இருக்குது. உதறல் இருக்குது. அப்புறம் படுத்துக்குது. இது காய்ச்சல்தான்” என்றார்.

“காய்ச்சல்னா காலையிலயும் இருக்கோணுமில்லீங்களாண்ணா?” என்றார் அப்புக்குட்டி.

“வேலை செஞ்சா வர்ற காய்ச்சல்டா அது. உனக்கு வராதா?”

அப்புக்குட்டி யோசித்துப் பார்த்தார். வேலை என்றாலே அவருக்கு அப்படித்தான் இருந்தது. ஆகவே ரேடியேட்டரில் நிலவேம்புக் கசாயம் ஊற்றினார்கள். பானெட்டின்மேல் ஈரத்துணி போட்டார்கள். கார் குணமாகவில்லை. கசாயம் குடித்தவர்களெல்லாம் உடனே குணமாகிவிடுகிறார்களா என்ன, என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள்.

பிறகு மெக்கானிக் அந்தோணியிடம் போய்ச் சொன்னார்கள். ஊர் எல்லையில்தான் அவருடைய பட்டறை. அவர் வேறு ஒரு வண்டிக்கு அடியில் படுத்தபடியே கேட்டுக்கொண்டார்.

“சூடானாத்தானே நிக்குது? அப்ப வண்டியைச் சூடாக் கொண்டாங்க. ஆறின வண்டியில ஒண்ணும் தெரியாது.”

இதில்தான் சிக்கல். வீட்டிலிருந்து பட்டறைக்கு ஒரு கூப்பிடு தூரம். அதற்குள் இன்ஜின் எங்கே சூடாகும்? ஊரை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்தோணி சுற்றச் சொல்லவில்லை, சூடாகக் கொண்டுவரத்தான் சொன்னார். அண்ணன் தம்பிகள் அடுப்பிலிருந்து தணலை அள்ளி இரும்புச் சட்டியில் போட்டு, சட்டியை பானெட்டின்மேல் ஏற்றிவைத்தார்கள். நன்றாகச் சூடேறியதும் காரைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓட்டினால் காற்றில் ஆறிவிடுமாம்.

அந்தோணி வெளியே வந்து பார்த்தார்.

“என்னய்யா, பெயிண்ட் கருகிக் கிடக்குது?”

“சூடா இருக்குதுங்களா?” என்றார் நாச்சிமுத்து பெருமையாக. “தொட்டுப் பாருங்க.”

அந்தோணி தொட்டுப் பார்த்தார். விரலை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு கிளப்பச் சொன்னார். உள்ளே ஆறிக் கிடந்த இன்ஜின் சிங்கம் மாதிரி உறுமியது.

“நாளைக்குக் கல்யாணமுங்க” என்றார் சென்னியப்பன். “வழியில நின்னு போச்சுன்னா என் பொழப்பே போச்சுங்க. இந்தப் புள்ளையாச்சும் எனக்குக் கிடைக்கோணும்.”

அந்தோணிக்கு மனசு இளகிவிட்டது. “பயப்படாதீங்க மாப்பிள்ளை. கார்பரேட்டர்ல ஒரு ஸ்க்ரூ இருக்குது. ஓடிச் சூடான இன்ஜின்ல அதைக் கொஞ்சம் திருகினாப் போதும். நானும் நாளைக்குக் கல்யாணத்துக்கு வர்றேன், அங்கேயே பண்ணித் தர்றேன். நான் வந்து பாக்கிற வரைக்கும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை மட்டும் எடுத்துராதீங்க. எடுத்தீங்க, வண்டி நின்னுபோகும்.”

மறுநாள் காலையில் பட்டுவேட்டி, தலைப்பாகையோடு சென்னியப்பன் காரில் ஏறி, ஆக்ஸிலேட்டரில் வலது காலை வைத்தார். வைத்தது வைத்ததுதான். ரயில்வே கேட்டில் இன்ஜின் உறுமிக்கொண்டே நின்றது. பிரேக்கையும் கிளட்சையும் இடது கால் ஒன்றே மாறி மாறிப் பார்த்துக்கொண்டது. சந்தையில் கோழிக்கூடை ஒன்று கவிழ்ந்தது. கோழிகள் போன திசையில் ஆட்களும் போனார்கள். கார் எங்கேயும் அணையவில்லை. நல்ல நேரம் இருக்கும்போதே கருக்கம்பட்டிப் பந்தலுக்கு முன்னால் வந்து உறுமியது.

நாதஸ்வரம் முழங்கியது. மயிலாத்தாளின் தம்பி துரைசாமி மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்துப் போகச் செம்பும் தாம்பாளமுமாக வந்தான். சென்னியப்பன் கதவைத் திறந்து இடது காலை வெளியே நீட்டினார். துரைசாமி கழுவினான்.

“இன்னொரு காலைக் குடுங்க மச்சான்.”

“அது வேலையா இருக்குதுங்க மாப்பிள்ளை” என்றார் சென்னியப்பன்.

துரைசாமி குனிந்து பார்த்தான். கால் உண்மையாகவே வேலையாகத்தான் இருந்தது. செம்போடு காருக்குள் தலையை விட்டு, அந்தக் காலை அது இருந்த இடத்திலேயே கழுவினான். ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து கழுவப்பட்டது. சந்தனமும் வைத்தான்.

“சரிங்க, இறங்குங்க.”

“இறங்கறதுக்கில்லீங்க. மெக்கானிக் வரோணும்.”

செய்தி ரங்கசாமிக்குப் போனது. அவர் முகம் சிவந்து ஓடிவந்தார்.

“இன்னொரு சாக்கா? மணவறை அங்கே இருக்குது, மாப்பிள்ளை இங்கே இருந்தா என்னங்க அர்த்தம்? ஒம்பதரை ஆகப்போகுது!”

அண்ணன்மார் இருவரும் காருக்குப் பக்கத்தில் நின்று ஆலோசனை செய்தார்கள்.

“ஆக்ஸிலேட்டர் மெதி மேல ஒரு செங்கல்லை வெச்சா?” என்றார் அப்புக்குட்டி.

“காலுன்னுதான் சொன்னாரு. செங்கல்னா செங்கல்னு சொல்லியிருப்பாரு” என்றார் நாச்சிமுத்து.

“அப்ப என் காலை வெக்கறேனுங்க.”

“வையி. ஆனா நீ வெக்கோணும்னா தம்பி எடுக்கோணும். எடுக்கக்கூடாதுன்னுதானே பேச்சு?”

“வண்டியை அணைச்சுட்டா?” என்று கேட்டான் துரைசாமி.

அண்ணன் தம்பிகள் மூவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அணையக்கூடாது என்றுதானே இவ்வளவு பாடும். அதைப்போய் நாமே அணைப்பதா? கருக்கம்பட்டியில் இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்களே என்று நாச்சிமுத்துவுக்கு வருத்தமாக இருந்தது.

ரங்கசாமி தோளிலிருந்த துண்டை உதறினார். “இந்தச் சம்பந்தம் வேண்டாம். சமையலை நிறுத்துங்கப்பா!”

சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அப்போதும் காலை எடுக்கவில்லை. எடுத்தால் கார் போய்விடும். எடுக்காவிட்டால் பெண் போய்விடும். இரண்டில் எது போகலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, பாவம்.

அப்போது மாலையும் கழுத்துமாக மயிலாத்தாள் பந்தலைவிட்டு வெளியே வந்தாள். காருக்குள் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். அழுகிற முகத்தையும் பார்த்தாள்.

“அப்பா, இதுக்கு முன்னாடி வந்தவங்கள்லாம் வாசல் வரைக்கும் வந்து பின்வாங்கினாங்க. இவரு ஒருத்தருதான் வெச்ச காலை எடுக்கமாட்டேங்கறாரு. எனக்கு இவரே போதுமுங்க” என்றாள்.

ரங்கசாமி உதறிய துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை மணவறைக்கு வரவில்லை. மணவறை மாப்பிள்ளையிடம் வந்தது. வாழைமரத்தைப் பெயர்த்துக் காரின் இரண்டு பக்கமும் நட்டார்கள். மணப்பெண் வலப்பக்கம் இருக்கவேண்டும் என்பது முறை, டிரைவர் கதவும் வலப்பக்கம்தான். அன்றைக்குத் தானாகச் சரியாக அமைந்தது அது ஒன்றுதான். கெட்டிமேளம் முழங்க, இன்ஜின் உறும, மயிலாத்தாள் ஜன்னலில் தலையை நீட்டினாள். சென்னியப்பன் தாலி கட்டினார். மணி ஒன்பதரை ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது.

அக்கினியைச் சுற்றவேண்டுமே! முதல் கியரில் கார் அக்கினியைச் சுற்றியது. ஜன்னல் வழியாக மாப்பிள்ளையின் சுண்டுவிரலைப் பிடித்தபடி மயிலாத்தாள் கூடவே நடந்தாள். புகை எதிலிருந்து வருகிறது என்று ஐயருக்குக் கடைசிவரை தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் ஒரு பந்தல்கால் சாய்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அங்கிருந்தே அட்சதை போட்டார்கள்.

அந்த நேரத்தில் அந்தோணி பந்தியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காலையிலேயே வந்துவிட்டிருக்கிறார். கார் வந்தால் யாராவது கூப்பிடுவார்கள் என்று முதல் பந்தியில் உட்கார்ந்து, கூப்பிடாததால் இரண்டாவது பந்தியிலும் உட்கார்ந்திருக்கிறார்.

பானெட்டைத் திறந்தார். ஸ்க்ரூவை ஒரு திருகு திருகினார். “இப்பக் காலை எடுங்க மாப்பிள்ளை.”

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். இன்ஜின் அணையவில்லை. உதறவில்லை. வெயிலில் படுத்த பூனை மாதிரி ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. கூட்டமே கைதட்டியது.

“இனிமே ஒரு பிரச்சினையுமில்லை. நிம்மதியாப் போய்ச் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு அந்தோணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டார்கள். காரை அணைக்கச் சொல்லி அவர் சொல்லவில்லை, ஆகவே அணைக்கவில்லை. சாப்பிட்டு, தாம்பூலம் போட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்து வந்து பார்த்தால், கார் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

நாச்சிமுத்து புறங்கையை வைத்துப் பார்த்தார். “சூடா இருக்கையில நின்னுபோச்சு. பழைய நோவுதான்.”

“நான் காலை எடுத்ததுதான் தப்பு” என்று சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏனுங்க மாமா, பெட்ரோல் இருக்குதுங்களா?” என்று கேட்டாள் மயிலாத்தாள்.

“பெட்ரோலைப் பத்தி மெக்கானிக் ஒண்ணுமே சொல்லலையே, அம்மிணி” என்றார் நாச்சிமுத்து அன்பாக.

சென்னியப்பன் ஏறி ஆக்ஸிலேட்டரில் காலை அழுத்திக்கொண்டார். மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன்மார் இருவரும் புதூர்வரைக்கும் தள்ளினார்கள்.

வீட்டு வாசலில் ஆரத்தி காத்திருந்தது. அங்கே அடுத்த சிக்கல். மாப்பிள்ளை வலது காலை வைத்து வீட்டுக்குள் வரவேண்டும். அந்த வலது கால் ஆக்ஸிலேட்டரில் இருக்கிறது. இடது காலை வைத்து வந்தால் குடும்பம் விளங்குமா? அண்ணன்மார் வாசற்படியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு கடப்பாரை எடுத்துவந்தார்கள்.

முன்சுவரை இடித்து, காரை முன்கூடமான ஆசாரத்துக்குள் தள்ளி, மாப்பிள்ளையின் வலது காலை முறைப்படி உள்ளே சேர்த்தார்கள். புதுப்பெண் இருக்கிற வீடு திறந்து கிடக்கலாமா? ஆகவே அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு, சுவரை முன்னைவிட உறுதியாகக் கட்டிவிட்டார்கள்.

மயிலாத்தாள் சொல்லியனுப்பி, மறுநாள் அந்தோணி ஒரு கேன் பெட்ரோலோடு வந்தார். ஊற்றிக் கிளப்பினார். இன்ஜின் ஆசாரத்தில் ஒரே சீராக முனகியது. சூடானபிறகும் முனகியது. சென்னியப்பன் ஒருவழியாகக் காலை எடுத்து, மனைவி கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தார்.

“பாத்தீங்களா, ஒரு குறையுமில்லை” என்றார் அந்தோணி. “எதுக்கும் ரோட்டுல ஒருதடவை ஓட்டிப் பாத்துருங்க.”

எல்லாரும் புதுச்சுவரைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்தது சரிதானா என்று அப்புக்குட்டியும் யோசித்துத் தலையாட்டினார்.

“அதுக்கு அவசியமில்லீங்க” என்றார் நாச்சிமுத்து. “ஓடறப்ப இந்த வண்டிக்கு எப்பவுமே பிரச்சினை இருந்ததில்லை. நிக்கறப்பதான் தொந்தரவு. இப்ப நிக்கறப்ப நல்லாத்தானுங்களே இருக்குது?”