சிவப்புக்கரைக் கம்பளி

மழைகூட அரண்மனையைக் கேட்டுத்தான் பெய்தது என்று பெருமையடிப்பார்களே, அந்தக் காலத்துக் கதை இது. இனிப்பான கதை இல்லை. கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

மலைநாட்டை ஒரு ராசா ஆண்டான். மலையடிவாரத்தில் செம்மறி மேய்த்து, அதன் மயிரைக் கத்தரித்து, நூல் நூற்று, கம்பளி நெய்கிறவர்கள் இருந்தார்கள். அந்த வருஷம் புல் கருகிப்போனது. ஆடுகள் எலும்பும் தோலுமாக நின்றன.

அப்போது ராசா தண்டோரா போட்டான். "கணவாய்க் காவலர்களுக்குக் கம்பளி வேண்டும். நாலு பேர் நாலு மூலையைப் பிடிக்க, நடுவில் தண்ணீர் ஊற்றுவேன். எவன் கம்பளி ஒழுகவில்லையோ, அவனே எல்லாருக்கும் நெய்யலாம். புல் வாடாத மேட்டுக்காடு அவன் ஆடுகளுக்கு."

கெம்பன் என்று ஒரு நெசவாளி. அவன் ஒரே மகன் மாதன், அதே கணவாயில் காவலன்.

கம்பளி நெய்யும்போது நூல் அறாமலிருக்கப் புளியங்கொட்டைக் கஞ்சி தடவுவார்கள். நெய்து முடித்ததும் ஆற்றில் போட்டுக் கஞ்சி போக மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க மயிர் பின்னி இறுகும். கால் மரத்துப்போகிற வேலை அது.

கெட்டிக்காரக் கெம்பன் என்ன செய்தான்? மயிரை மிச்சம் பிடித்து இழைகளைத் தள்ளித் தள்ளி நெய்தான். ஆற்றுப் பக்கமே போகவில்லை. கஞ்சிமேல் கஞ்சி பூசி ஓட்டையை அடைத்தான்.

"ஏங்க, மிதிச்சுப் போடுங்க. மழையில ஊறினா கரைஞ்சிடுமே" என்றாள் அவன் மனைவி சிக்கம்மா.

"சோதனை முடியட்டும் புள்ள" என்றான்.

சோதனை நடந்தது. பக்கத்து வீட்டுப் பெள்ளியின் கம்பளியில் ஒரே ஒரு சொட்டு விழுந்தது. கெம்பனுடையதில் அதுவும் விழவில்லை.

"ராசா, இது மிதிக்காத கம்பளி. தொட்டுப் பாருங்க, மொடமொடன்னு நிக்குது" என்றான் பெள்ளி.

பட்டுத்துணியைத் தவிர வேறு தொட்டறியாத ராசாவுக்கு என்ன தெரியும்? "தோற்றவன் வேறென்ன சொல்வான்!" என்று சிரித்தான். சபையும் சிரித்தது. பெள்ளி தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனான். பாதி ஆடுகள் வழியிலேயே செத்தன.

வென்ற கெம்பன் காவலர்களுக்கான கம்பளிகளையும் அப்படியே நெய்தான். "இப்பவாவது மிதிங்க" என்றாள் சிக்கம்மா.

"மிதிச்சா ஓட்டை தெரிஞ்சிடும். வாயை மூடு."

கழுதைகள்மேல் கம்பளி ஏறும் நாளில் மூன்றாம் முறையாக அலறினாள். "அங்க நம்ம மாதன் இருக்கான்யா!"

"அவனுக்குன்னு நல்லதா ஒண்ணு நெய்து, ஆத்துல மிதிச்சு, சிவப்புக் கரை போட்டு வெச்சிருக்கேன். போதுமா?"

"மத்தப் பிள்ளைங்க?"

"ஊரான் பிள்ளைக்கு நானா பொறுப்பு?"

தன் மகனுக்கு ஒன்று இருக்கிறது என்றதும் அவளும் அடங்கிப்போனாள். பாவி, அவளும் தாய்தானே! ஆனால் அவளும் அடங்கித்தான் போனாள்.

ஐப்பசி மழை கணவாயைப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. கஞ்சி கரைந்து வழிந்தது. கம்பளிகள் மீன்வலையாயின. காவலர்கள் விறைத்துச் செத்தார்கள்.

ஒருநாள் காவல் தலைவன் கெம்பன் வீட்டு வாசலுக்கு வந்தான். பின்னால் நாலு பேர் ஒரு பாடையை இறக்கினார்கள். மேலே சிவப்புக்கரைக் கம்பளி.

"உன் மகன் தங்கமான பிள்ளையப்பா" என்று தலைவன் அழுதான். "நீ சொல்லியனுப்பியபடி இதைத்தான் முதலில் அவனிடம் கொடுத்தேன். 'நீங்க வயசானவரு, இது உங்களுக்கு. எல்லாமே எங்கப்பா நெய்ததுதானே, எனக்கு எதுவானா என்ன?' என்று என் தோளில் போட்டுவிட்டு, குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டான்."

வழியெல்லாம் மழை. கெம்பன் கம்பளியை விலக்கினான். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. மேட்டுக்காட்டில் அவன் ஆடுகள் கொழுத்து மேய்ந்துகொண்டிருந்தன.

கேட்டீர்களா? ஊரார் பிள்ளைக்குப் பொய்யாக நெய்கிறவன், தன் பிள்ளைக்கு மட்டும் மெய்யாக நெய்து காப்பாற்றிவிட முடியாது.