சத்தம் போடாத மேற்குக் கரை

குளக்கரைக்குச் சிறுத்தை வரத் தொடங்கியதிலிருந்து காட்டில் யாரும் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கவில்லை.

வாலப்பன் என்ற குரங்கு ஒரு வழி கண்டுபிடித்தது. குளத்தைச் சுற்றிக் கொடியை இழுத்துக் கட்டி, அதன் கிழக்கு நுனியில் காய்ந்த வாகை நெற்றுகளைக் கொத்தாகத் தொங்கவிட வேண்டும். சிறுத்தையின் கால் கொடியில் பட்டால் நெற்றுகள் கலகலக்கும். எல்லாரும் ஓடிப் பிழைக்கலாம்!

முடிச்சுப் போடும் வேலை செவ்வி என்ற அணிலுக்கு. வேலை முடிந்ததும் வாலப்பன் காடு முழுக்கத் தமுக்கடித்து விழாவுக்கு அழைத்துவிட்டது.

விழா அன்று காலை, செவ்வி கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்த்தது. கிழக்குக் கரையில் கொடி மேல் குதித்தது. கலகல! மேற்குக் கரையில் குதித்தது. நெற்றுகள் அசையவே இல்லை!

செவ்வி உடனே ஓடிப்போய் வாலப்பனிடம் சொன்னது.

"கூட்டம் வந்துக்கிட்டிருக்கு! இப்போ போய் இதைச் சொல்றியே! விழா முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சீறியது வாலப்பன்.

மான்களும் முயல்களும் வந்து குவிந்தன. செவ்வியின் கழுத்தில் பூமாலை விழுந்தது. மாலை நன்றாகத்தான் மணத்தது. செவ்வியும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது ஒரு பெண்மான் கேட்டது: "செவ்வி, மேற்குக் கரையிலே புல் தளதளன்னு இருக்கு. என் குட்டியை அங்கே மேய விடலாமா?"

செவ்வியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"வேண்டாம்மா! அங்கே கொடி சத்தமே போடாது!"



"யார் செஞ்ச தப்பு?" என்று உறுமியது கரடி.

"தெரியலை. ஆனா அங்கே முடிச்சுப் போட்டது நான்தான். இன்னிக்கே பார்த்துச் சரிசெய்றேன். அதுவரைக்கும் கிழக்கே மட்டும் குடிங்க."

"என் மானத்தை வாங்கிட்டியே!" என்றது வாலப்பன்.

செவ்வி மேற்கே ஓடியது. அங்கே ஒரு முள்புதரோடு கொடியை அதுவே இறுக்கிக் கட்டியிருந்தது. அதனால்தான் இழுப்பு நெற்றுகள் வரை போய்ச் சேரவில்லை. முடிச்சைக் கடித்து அவிழ்த்தது. தளர்ந்த கொடியை இழுத்துப் பிடிக்க அதன் கை எட்டவில்லை.

பின்னாலிருந்து ஒரு நீளக் கை வந்தது.

"நகரு, நான் பிடிக்கிறேன். நீ கொடி நழுவுற மாதிரி வளையம் போட்டுக் கட்டு" என்றது வாலப்பன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே.

மறுநாள் சிறுத்தை வந்தது, அதுவும் மேற்குப் பக்கமாகவே! கலகல! கண்மூடித் திறப்பதற்குள் மான்கள் பறந்துவிட்டன. சிறுத்தை கொடியில் கால் சிக்கி, குளத்துச் சேற்றில் தொப்பென்று விழுந்தது. மரத்தின் மேலிருந்த வாலப்பன் வயிறு வலிக்கச் சிரித்தது.

அதன் பிறகு காட்டில் எது கட்டினாலும், "செவ்வி சரின்னு சொல்லிச்சா?" என்று கேட்ட பிறகுதான் எல்லாரும் காலெடுத்து வைத்தார்கள்.

நம் வேலையை நம்பிப் பிறர் தம் உயிரை ஒப்படைக்கும்போது, அதிலுள்ள குறையை மாலைக்கு ஆசைப்பட்டு மறைக்காமல் உடனே சொல்லித் திருத்துவதே நேர்மை.