திதிச் சோறும் வல்லூறுக் குஞ்சும்

அடுக்குமாடிச் சங்கத் தலைவர் தணிகாசலம், அப்பாவின் திதிக்குப் படைத்த இலையோடு பால்கனியில் நின்று "கா, கா" என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார். கூடத்தில் சொந்தக்காரர்கள் பசியோடு காத்திருந்தார்கள். ஒரு காக்கையும் இறங்கவில்லை. எல்லாம் மொட்டை மாடியில், பறக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு வல்லூறுக் குஞ்சைச் சூழ்ந்துகொண்டு கொத்திக்கொண்டிருந்தன.

படி பெருக்குகிற பவுனம்மாவைக் கூப்பிட்டார். "அந்தக் குஞ்சைத் தூக்கிக் கீழே எறி. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

எறிந்தால் அது செத்துப்போகும். பவுனம்மா முருகனை நினைத்துக்கொண்டு துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

"எறிஞ்சிடலாங்கய்யா. ஆனா குஞ்சு மேல குத்தமில்லைங்க. பெரியவரைக் கடைசி வரைக்கும் மாடி ஷெட்டுலதானே படுக்க வெச்சிருந்தீங்க? கீழே வரக்கூடாதுன்னு நீங்க சொன்னதை அவரு இன்னும் மறக்கல போல. இலையை நீங்களே மேல கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

"ஷெட்டுலயா?" என்றாள் கூடத்திலிருந்த தணிகாசலத்தின் அக்கா. "அப்பாவுக்கு ஏசி ரூம்னு சொன்னியேடா."

தணிகாசலம் இலையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். வடையைக் கண்டதும் காக்கைகள் குஞ்சை விட்டுவிட்டு அவர் கையிலேயே வந்து விழுந்தன. அதற்குள் குஞ்சு சிறகை விரித்து, தடுமாறித் தத்தளித்து, எதிர்க் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பெரியவர் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். மகனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.